வேலூர் வெயிலில் ஒரு மடிக்கணினியை எட்டு ஆண்டு காப்பது எப்படி

என் மேசையில் இருக்கும் மடிக்கணினியை 2017 ஜூனில் வாங்கினேன். சத்துவாச்சாரியில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில்தான் அது இன்றுவரை வாழ்கிறது. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். நாளொன்றுக்கு ஆறேழு மணி நேரம் அது ஓடுகிறது. அதற்கு முன் வைத்திருந்தது மூன்றாவது கோடையைத் தாண்டவில்லை. ஒரு மே மாத மாலையில் மூடி சரியாகப் பொருந்தவில்லையே என்று திருப்பிப் பார்த்தேன். உள்ளே பேட்டரி பூரி போல உப்பி, அடித்தகட்டையே பிளந்து நின்றது.

இரண்டுக்கும் விலையில் பெரிய வேறுபாடு இல்லை. நான் நடத்திய விதம்தான் வேறு. கல்லூரியில் சேரும் பிள்ளைக்கோ தனக்கோ முதன்முதலாக ஒன்றை வாங்கப்போகிறவர்கள் என்னிடம் அடிக்கடி யோசனை கேட்கிறார்கள். எந்த நிறுவனம், எவ்வளவு விலை என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். எந்த அறையில் வைக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். நம் ஊரில் இயந்திரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பது அதுதான்.

நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய சொல்வழக்கு உண்டு. அந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவில் ஊர்மேல் இறக்குகின்றன. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டுவது இங்கே செய்தியே இல்லை. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தங்கள் மடிக்கணினியை 35 டிகிரி வரை உள்ள அறையில் பயன்படுத்தலாம் என்றுதான் எழுதிக் கொடுக்கிறார்கள். அந்த எல்லைக்கு வெளியே நாம் ஆண்டுக்கு மூன்று மாதம் வாழ்கிறோம். இனி வருவதெல்லாம் இதை மனத்தில் வைத்துச் சொல்வது.

வாங்குவதற்கு முன்

கடையில் எல்லாரும் திரையைப் பார்ப்பார்கள். நீங்கள் இயந்திரத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். காற்று உள்ளே போகும் துளைகள் அங்கே இருக்கும். சூடான காற்று வெளியேறும் வாய் பின்புறமோ பக்கவாட்டிலோ இருக்கும். வெளியேறும் வாய் திரையின் கீல் பக்கம் ஒளிந்திருந்தால், மூடியைத் திறந்து வைத்தபோது அது மறைபடுகிறதா என்று கவனியுங்கள். மெலிந்த உடல் கண்ணுக்கு அழகுதான். ஆனால் மெலிந்த உடலுக்குள் சிறிய விசிறிதான் இருக்கும்; சிலவற்றில் விசிறியே கிடையாது. நாள் முழுவதும் குளிர்சாதன அறையில் இருப்பவருக்கு அது பொருந்தும். மேல்மாடி அறையில் இருப்பவர் சற்றுத் தடித்ததையே வாங்கட்டும்.

அடுத்து, ரேமை, அதாவது வேலை நடக்கும்போது கணினி பயன்படுத்தும் தற்காலிக நினைவகத்தை, மாற்ற முடியுமா என்று கேளுங்கள். பல புதிய மாதிரிகளில் ரேம் தாய்ப்பலகையோடு (எல்லாப் பாகங்களும் இணையும் முதன்மைச் சுற்றுப்பலகை) பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்டவே முடியாது. அப்படியானால் 16 ஜிபி உள்ளதாகவே வாங்குங்கள். கூட்ட இடம் இருந்தால் இப்போதைக்கு 8 ஜிபி போதும், மூன்றாம் ஆண்டில் கூட்டிக்கொள்ளலாம். சேமிப்புக்கு, சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டுதான் வேண்டும், 512 ஜிபி இருந்தால் நல்லது. சுழலும் ஹார்ட் டிஸ்க் மட்டும் உள்ளதை யார் மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மூன்றாவது கேள்வியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழுதானால் எங்கே கொண்டுபோக வேண்டும்? அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் வேலூரில் இருக்கிறதா, அல்லது சென்னைக்குத்தான் அனுப்புவார்களா? வீட்டுக்கே ஆள் வந்து பார்க்கும் உத்தரவாதமா, நாம் சுமந்து போக வேண்டியதா? கடைக்காரர் வாயால் சொன்னதோடு விட்டுவிடாமல், நிறுவனத்தின் தளத்தில் நம் அஞ்சல் குறியீட்டு எண்ணைப் போட்டுப் பாருங்கள். நமக்குள்ள நல்ல வாய்ப்பு, நாம் இரண்டு பெருநகரங்களுக்கு நடுவில் இருப்பது. மின்னணுப் பொருள் சந்தைகளான சென்னை ரிச்சி தெரு ஏறத்தாழ 140 கிலோமீட்டர், பெங்களூர் எஸ்.பி. சாலை 200-க்குச் சற்று மேல். இங்கே கிடைக்காத உதிரிபாகம் இரண்டில் ஒன்றில் கிடைத்துவிடும். காட்பாடியில் காலை ரயில் ஏறினால் இரவுக்குள் திரும்பலாம்.

வரிசை எண் குறித்த ஜிஎஸ்டி ரசீது வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். ரசீதையும் அடிப்பக்க ஒட்டியையும் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவிடுங்கள். ரசீதின் மை ஓராண்டில் மங்கிவிடும், ஒட்டி இரண்டாண்டில் தேய்ந்துவிடும்.

முதல் நாள்

திறந்தவுடன் படம் பார்க்க உட்கார வேண்டாம். செய்ய வேண்டியவை மூன்று இருக்கின்றன.

ஒன்று, பேட்டரிக்கு வரம்பு கட்டுவது. இப்போது வரும் பெரும்பாலான மடிக்கணினிகளில், தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளிலோ பயாஸ் அமைப்பிலோ (விண்டோஸ் தொடங்குமுன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) சார்ஜை 80 விழுக்காட்டில் நிறுத்தும் வசதி இருக்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் அதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருக்கும். பேட்டரி என்ற தலைப்பின் கீழ் தேடினால் கிடைக்கும். லித்தியம் அயனி பேட்டரியை மூப்படையச் செய்பவை இரண்டு: சூடும் முழு நிரப்பும். இரண்டும் ஒருசேர இருந்தால் கேடு பல மடங்கு. 40 டிகிரி சூட்டில் முழுச் சார்ஜோடு ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பது பேட்டரித் துறையில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. என் முதல் இயந்திரம் மூன்று ஆண்டும் இரவு பகலாக மின்செருகியில் 100 விழுக்காட்டில் கிடந்தது. அது ஏன் உப்பியது என்று இப்போது எனக்குத் தெரியும்.

இரண்டு, பிட்லாக்கர் மீட்புச் சாவி. வட்டில் உள்ளதை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர். விண்டோஸ் 11 உள்ள பல இயந்திரங்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த உடனேயே வட்டு தானாகப் பூட்டுப்போட்டுக்கொள்கிறது. நமக்கு அது தெரிவதே இல்லை. என்றைக்காவது தாய்ப்பலகையை மாற்றினாலோ சில அமைப்புகள் மாறினாலோ, திரையில் ஒரு நீலப் பக்கம் வந்து 48 இலக்க எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருப்பது யாருக்கும் இல்லை. எங்கள் தெருவில் ஒரு மாணவிக்கு இறுதியாண்டு ஆய்வறிக்கை முழுவதும் இப்படிப் போயிற்று. எந்தக் கணக்கில் நுழைந்தோம் என்பதையே மறந்துவிட்டாள். இன்றே அந்தக் கணக்கில் நுழைந்து, 48 இலக்கங்களையும் பேனாவால் தாளில் எழுதி, ரேஷன் அட்டை வைக்கும் இடத்தில் வையுங்கள். இயந்திரத்தின் பையிலேயே வைக்க வேண்டாம்.

மூன்று, தமிழ். விண்டோஸ் மொழி அமைப்பில் தமிழ்99 விசைப்பலகை உள்ளேயே இருக்கிறது, தனியாக எதையும் வாங்க வேண்டியதில்லை. 1999-இல் தமிழக அரசு தரப்படுத்திய முறை அது. இரண்டு வாரம் பொறுமையாகப் பழகினால், ஆங்கில எழுத்தை அடித்துத் தமிழாக்கும் முறையைவிட விரல்களுக்கு வேலை மிகக் குறைவு என்று உணர்வீர்கள். நான் இதில் சோறு சாப்பிடுகிறேன், அதனால் சற்று அழுத்தியே சொல்கிறேன்.

கடையில் ஏற்றிக் கொடுக்கும் முப்பது நாள் வைரஸ் எதிர்ப்பு மென்பொருளை எடுத்துவிடலாம். விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் வீட்டுப் பயனுக்குப் போதும்.

வெயில்

மடிக்கணினி என்று பெயர். மடியில் வைப்பதற்கு அன்று, வேலூரிலாவது அன்று. மடியும் மெத்தையும் தலையணையும் அடிப்பக்கத் துளைகளை அடைத்துவிடும். கெட்டியான, சமமான பலகைதான் அதற்கு இடம். பின்பக்கத்தை இரண்டு விரற்கடை உயர்த்திவிடுங்கள்; நான் இரண்டு மரத்துண்டுகளை வைத்திருக்கிறேன். அந்த இடைவெளியில் காற்று புகுந்தாலே விசிறியின் இரைச்சல் குறைவது காதுக்குத் தெரியும். விசிறி வைத்த குளிர்விப்புத் தட்டு வாங்குவது தவறில்லை. ஆனால் அறைக் காற்றே 40 டிகிரியில் இருக்கும்போது அந்தத் தட்டு 40 டிகிரிக் காற்றைத்தான் ஊதும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே அறையைக் கவனியுங்கள். சுவரில் மாட்டும் சாதாரண வெப்பமானி ஒன்று வாங்கி மேசைக்கு மேல் மாட்டுங்கள். மேற்குச் சுவரை ஒட்டி மேசை போடாதீர்கள். மாலை நான்கு மணிக்கு அந்தச் சுவரில் கை வைக்க முடியாது. இரும்பு பீரோவின் தலைமேல் வைக்காதீர்கள். அறையிலேயே சூடான காற்று தங்கும் இடம் அதுதான். மொட்டை மாடித் தளத்துக்குப் பங்குனியிலேயே வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துவிடுகிறோம். கீழே நிற்பவரின் தலைக்கு அது கொடுக்கும் ஆறுதல் இயந்திரத்துக்கும் உண்டு. ஏர் கூலர் வைத்திருக்கிறவர்கள், அதன் ஈரக்காற்று நேரே இயந்திரத்தின்மேல் படாதபடி திருப்பி வையுங்கள்.

நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். சித்திரை, வைகாசியில் நான் அதிகாலை நாலரைக்கு உட்கார்ந்து பத்து மணிக்கு எழுந்துவிடுவேன். மதியம் கட்டாயமென்றால் எழுத்து வேலை மட்டும். காணொளி தொகுப்பது, பெரிய மென்பொருள் ஏற்றுவது, விண்டோஸ் புதுப்பிப்பது எல்லாவற்றையும் விடியற்காலைக்கு ஒதுக்குங்கள்.

புதிதாக வாங்கியவர்கள் பலர் பதறும் ஒரு செய்தி: கணினி திடீரென மந்தமாகிவிட்டது, வைரஸ் வந்துவிட்டதோ என்று. விடியற்காலையில் வேகமாகவும் மதியம் இரண்டு மணிக்கு மந்தமாகவும் இருந்தால் அது வைரஸ் இல்லை, சூடு. செயலி, அதாவது கணினியின் மூளையான சில்லு, 95, 100 டிகிரியை நெருங்கும்போது தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. செயலியின் வெப்பநிலையைக் காட்டும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. ஒன்றை ஏற்றிப் பாருங்கள். கனமான வேலையில் 80, 85 வரை போவது இயல்பு. எழுத்து வேலைக்கே 95-ல் நின்றால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது என்று பொருள்.

வெளியே எடுத்துப் போகும்போது இன்னும் கவனம் வேண்டும். பூட்டிய கார், ஸ்கூட்டரின் இருக்கைக்குக் கீழுள்ள பெட்டி, இரண்டிலும் கால் மணி நேரம்கூட வைக்காதீர்கள். கடையில் நுழைந்துவிட்டு வருகிறேன் என்று போனவர் திரும்பும்போது அது அடுப்பாகியிருக்கும். பைக்குள் வைக்கும் முன் முழுதாக அணைத்துவிடுங்கள். மூடியை மட்டும் மூடி உறக்கநிலையில் வைத்தால், பல புதிய இயந்திரங்கள் பைக்குள்ளேயே விழித்துக்கொண்டு வெந்துபோகின்றன.

விடுதி மாணவர்களுக்குத் தனியாக ஒன்று. மே மாதம் ஊருக்குப் போகும்போது இயந்திரத்தை விட்டுச் செல்ல நேர்ந்தால், பாதி சார்ஜில் அணைத்து, ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தரையை ஒட்டிய அலமாரித் தட்டில் வையுங்கள். முழுச் சார்ஜிலோ முற்றிலும் காலியாகவோ விட்டுப் போகாதீர்கள்.

பேட்டரி உப்பும் அறிகுறிகள் இவை: தொடுபலகை அழுத்த மறுப்பது, மேசையில் வைத்தால் ஒரு மூலை ஆடுவது, மூடி நடுவில் பொருந்தாமல் நிற்பது. ஒன்று தெரிந்தாலும் உடனே மின்செருகியைப் பிடுங்குங்கள். அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். மெத்தை, திரைச்சீலை இல்லாத வெறுந்தரையில் வைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழையுங்கள்.

மின்சாரம்

மடிக்கணினியின் அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும்படி செய்யப்பட்டது. ஆகையால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. பேட்டரியே யுபிஎஸ் வேலையைச் செய்வதால் அதுவும் தேவையில்லை. தேவைப்படுவது நல்ல எர்த்.

உலோக மூடியின்மேல் மணிக்கட்டு படும்போது சுருக்கென்று ஒரு கூச்சம் ஏற்படுகிறதா? அடாப்டரின் உள்ளிருக்கும் வடிகட்டி மின்தேக்கிகள் வழியே கசியும் சிறு மின்னோட்டம், போக வழியில்லாமல் உங்கள் உடல் வழியே இறங்குகிறது. மூன்று முள் செருகியை எர்த் உள்ள சாக்கெட்டில் செருகினால் அது நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் வீட்டின் எர்த் குழியைப் பாருங்கள். நம் பாறை நிலத்தில் கோடையில் அந்தக் குழி வறண்டுபோகும். வறண்ட மண் மின்னோட்டத்தைச் சரியாகக் கடத்தாது. வாரம் ஒருமுறை இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் பல வீடுகளில் சரியாகிவிடுகிறது. அப்படியும் சரியாகாவிட்டால் மின்பணியாளர் பார்க்கட்டும். இது கணினிக்காக மட்டும் இல்லை, குளியலறை ஹீட்டரில் கை வைக்கும் பிள்ளைகளுக்காகவும்.

கோடை மழைக்கு முன் வரும் இடியும் ஐப்பசி, கார்த்திகை இடியும் எச்சரிக்கை கொடுத்துத்தான் வருகின்றன. முதல் முழக்கம் கேட்டதும் அடாப்டரைப் பிடுங்கிவிடுங்கள். இணைய வயரையும் பிடுங்குங்கள். மின்னல் மின்கம்பி வழியே மட்டும் வருவதில்லை.

அடாப்டர் கெட்டுப்போனால் மாற்று வாங்கும்போது வோல்ட் அளவு பழையதோடு சரியாகப் பொருந்த வேண்டும். வாட் அளவு அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை இல்லாத நடைபாதை அடாப்டர் சில நூறு ரூபாயை மிச்சப்படுத்தித் தாய்ப்பலகையைக் கேட்கும். வீட்டு இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை தராத வகை) இருந்தால் அடாப்டர் ரீங்காரமிடும். மின்வெட்டின்போது அதில் மணிக்கணக்காக ஓட்டாமல் பேட்டரியிலேயே வேலை செய்யுங்கள்.

தூசி, உப்புத் தண்ணீர், எறும்பு

பாலாற்று மணல் காற்றோடு எல்லா வீட்டுக்குள்ளும் வருகிறது. மாதம் ஒருமுறை இயந்திரத்தை அணைத்துவிட்டு மெல்லிய பெயிண்ட் தூரிகையால் துளைகளைத் துடையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், வெயில் ஏறுமுன், பின்மூடியைத் திறந்து உள்விசிறியைச் சுத்தம் செய்ய வேண்டும். உத்தரவாதக் காலத்தில் நீங்களே திறக்காதீர்கள். அதன் பிறகு தைரியம் இருந்தால் திறக்கலாம். ஊதுகருவியால் ஊதும்போது விசிறி இறக்கைகளை ஒரு பல்குத்தும் குச்சியால் அசையாமல் பிடித்துக்கொள்ளுங்கள். கண்டபடி சுழலவிட்டால் அச்சு கெட்டுவிடும். மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை செயலிமேல் உள்ள வெப்பப் பசையைப் புதுப்பிக்க வேண்டும். 2021-இல் எனக்கு இதைச் செய்த தம்பி பழைய பசையைச் சுரண்டிக் காட்டினார். காய்ந்த சுண்ணாம்பு போல உதிர்ந்தது. "அக்கா, இதனால்தான் விசிறி இப்படிக் கத்தியிருக்கிறது" என்றார். அன்று மாலையே செயலியின் சூடு 15 டிகிரி குறைந்திருந்தது.

திரையைத் துடைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். நம் வாளிகளின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்பு திரையிலும் படியும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் எல்லா பேட்டரிக் கடைகளிலும் கிடைக்கிறது. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியில் அதை இரண்டு சொட்டு விட்டு, அணைத்த திரையில் மெதுவாகத் துடையுங்கள். பழைய பனியன் துணி கீறல் போடும். கைக்கான கிருமிநாசினியும் கூடாது, திரைப்பூச்சு போய்விடும்.

எறும்பு நம் ஊரில் உண்மையான தொல்லை. முறுக்குத் தூள் விசைகளுக்கிடையே விழுந்தால் மறுநாள் வரிசை கட்டிவிடும். பூச்சிக்கொல்லியை இயந்திரத்தின்மேல் அடிக்காதீர்கள். மேசைக் கால்களைச் சுற்றி எறும்புச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, இயந்திரத்தை அணைத்துக் கவிழ்த்து மெல்லத் தட்டி, ஓரிரவு வேறிடத்தில் வையுங்கள். மேசையில் தின்பதை நிறுத்தினால் பிறகு வராது.

ஆயுத பூஜையன்று கணினிக்குப் பொட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். சந்தனத்தையும் குங்குமத்தையும் மூடியின் வெளிப்புற நடுவில் வையுங்கள். கேமராவுக்குப் பக்கத்திலோ விசைப்பலகையிலோ விபூதித் தூள் விழ வேண்டாம். நன்றாக அணைத்து, மூடி, கற்பூரப் புகைக்குச் சற்றுத் தள்ளி வைத்தால் சரஸ்வதிக்குக் குறை எதுவும் இல்லை.

மூடியை எப்போதும் மேல்விளிம்பின் நடுவில் பிடித்துத் திறங்கள். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கித் தூக்கியே கீல் உடைந்த இயந்திரங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மூடும் முன் விசைகளின்மேல் பேனாவோ காதுக்கருவியோ கிடக்கிறதா என்று ஒரு பார்வை. ஒரு சிறு அழுத்தத்தில் திரை போய்விடும்.

காபி கொட்டிவிட்டால்: மின்செருகியைப் பிடுங்கி, மின்பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். திறந்த நிலையில் கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், அரிசியில் புதைக்காதீர்கள், முடி உலர்த்தும் கருவியால் ஊதாதீர்கள். வெறும் தண்ணீரானாலும் இரண்டு நாள் தொடக்கூடாது. சர்க்கரை போட்ட காபி, டீ என்றால் உலர்ந்தாலும் உள்ளே பிசுபிசுப்பும் அரிப்பும் இருக்கும். அன்றே திறந்து கழுவித் தரும் ஆளிடம் கொடுங்கள். வேலை செய்கிறதா என்று போட்டுப் பார்க்கும் ஆசைதான் பெரும்பாலும் கொல்கிறது.

பிரதிகள்

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதை நாம் எல்லாரும் நின்று பார்த்தோம். அதற்கு முன் நான் என் கோப்புகளின் பிரதியை வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கணினிக்குப் பக்கத்து அலமாரியிலேயே வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஆனால் வந்திருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனைந்திருக்கும் என்பது அன்றுதான் உறைத்தது. இப்போது மூன்று இடம்: கணினியில் ஒன்று, வீட்டில் வெளி டிஸ்க்கில் ஒன்று, திருவண்ணாமலையில் என் தங்கை வீட்டில் ஒன்று. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது டிஸ்க்கை மாற்றி எடுத்து வருகிறேன். அன்றாடம் எழுதுவது இணையச் சேமிப்புக்கும் போகிறது. கூகுள் 15 ஜிபி இலவசமாகத் தருவது எழுத்துக் கோப்புகளுக்கு ஏராளம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதிதான். திறக்காத பிரதியை நம்பக் கூடாது. பழுதுபார்க்கக் கொடுப்பதற்கு முந்தைய நாள் கட்டாயம் பிரதி எடுங்கள். ஒருமுறை விசைப்பலகை மாற்றக் கொடுத்தேன், வட்டையே துடைத்துத் திருப்பித் தந்தார்கள். பிரதி இருந்ததால் சண்டை போடாமல் வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு

இந்தக் காலத்தில்தான் பலர் புதிதை வாங்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை. என்னுடையது ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. 2020-இல் எஸ்எஸ்டிக்கு மாற்றியதும் திறக்க இரண்டு நிமிடம் எடுத்தது இருபது நொடியாகிவிட்டது. மறு ஆண்டு ரேமை இரட்டித்தேன், பேட்டரியை மாற்றினேன். மூன்றுக்குமாகச் சேர்த்துப் புதிய இயந்திரத்தின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை. பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சுற்று (முழுதாக நிரப்பித் தீர்ப்பது ஒரு சுற்று) வரை நன்றாக உழைக்கும். மாற்று வாங்கும்போது பாகத்தின் எண்ணைப் பழைய பேட்டரியின் மேலிருந்தே படித்து எழுதிக்கொண்டு போங்கள். மாதிரிப் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாதது வரும்.

தாய்ப்பலகை போய்விட்டால் கணக்குப் போட்டுப் பாருங்கள். பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியைத் தொட்டால் நான் விட்டுவிடுவேன்.

நல்ல தொழில்நுட்பரைக் கண்டுபிடிப்பது நல்ல தையற்காரரைக் கண்டுபிடிப்பது போல, பொறுமை வேண்டும். உங்கள் கண்முன் திறப்பவராக, கழற்றிய பழைய பாகத்தைக் கையில் கொடுப்பவராக, திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுபவராகப் பாருங்கள். கடவுச்சொல்லைக் கேட்டால், தனியாக ஒரு விருந்தினர் கணக்கை உருவாக்கிக் கொடுங்கள்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லோ, இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியோ பல பழைய இயந்திரங்களில் இல்லை. என்னுடையது ஏழாம் தலைமுறை. நான் விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட்டுக்கு மாறினேன். முதலில் யுஎஸ்பி குச்சியிலிருந்து ஓட்டிப் பார்த்து, வைஃபையும் அச்சுப்பொறியும் தமிழ்99-ம் வேலை செய்வதை உறுதிசெய்த பிறகே ஏற்றினேன். எழுத்து, இணையம், கணக்குத்தாள் ஆகியவற்றுக்கு எந்தக் குறையும் இல்லை. கணக்கு எழுதும் டாலி போல விண்டோஸை மட்டுமே நம்பிய மென்பொருளில் பிழைப்பு நடத்துகிறவர்கள் இந்த வழியில் அவசரப்பட வேண்டாம்.

விடைகொடுக்கும்போது

என்றைக்காவது அதை விற்கவோ கொடுக்கவோ நேரும். கோப்புகளை அழித்துக் குப்பைத்தொட்டியைக் காலிசெய்தால் அவை போய்விடுவதில்லை. விண்டோஸ் மீளமைப்பில் எல்லாவற்றையும் நீக்கி வட்டையும் துடைக்கும் தேர்வு உண்டு, அதைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரமே இயங்கவில்லையென்றால் எஸ்எஸ்டியைக் கழற்றி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். சிறிய உறை ஒன்றில் போட்டால் அது வெளி டிஸ்க்காக இன்னும் சில ஆண்டு உழைக்கும்.

பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட வேண்டாம். செம்பு எடுப்பதற்காக வயர்களை எரிக்கும் புகை நம் பிள்ளைகளின் மூச்சில்தான் கலக்கிறது. தோல் கழிவு பாலாற்றை என்ன செய்தது என்று கண்ணால் கண்ட மாவட்டத்துக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. மின்கழிவு விதிகளின்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரித்த நிறுவனத்தையும் சேர்ந்தது. அவர்கள் தளத்தில் திரும்பப் பெறும் ஏற்பாட்டைத் தேடிப் பதிவுசெய்யுங்கள்.

இன்னொன்று. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, யாரும் தொடாமல் பரணில் கிடக்கும் வீடுகள் நம் பக்கம் எத்தனையோ இருக்கின்றன. ஓட்டுக்கூரைக்கு அடியில், கத்திரி வெயிலில், உள்ளே அந்தப் பழைய பேட்டரியோடு. இந்த வாரமே ஏணி போட்டு அதை இறக்குங்கள். பல மாதிரிகளில் பேட்டரியை அடியில் உள்ள இரண்டு தாழ்களைத் தள்ளியே கழற்றிவிடலாம். உப்பியிருந்தால் இழுக்காமல் தொழில்நுட்பரிடம் கொண்டுபோங்கள். உப்பாமல் இருந்தால் முனைகளில் நாடா ஒட்டி, தனிப் பையில் போட்டு, மின்கழிவோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பிறகு அடாப்டரை மட்டும் செருகி இயந்திரத்தைப் போட்டுப் பாருங்கள். உயிர் இருந்தால், தட்டச்சு பழக வேண்டிய பிள்ளை ஒன்று உங்கள் தெருவிலேயே இருக்கும்.